தெருவோரம் விட்டுப்போன மரச்சாமான்கள்: எதை எடுக்கலாம், எதை விட்டுவிடலாம்?

புதுக்குடித்தனம் கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். அண்மையில் வாடகை வீடொன்றில் குடியேறியிருக்கிறோம். கட்டிலும் பாத்திரங்களும் தவிர வீட்டில் சொல்லிக்கொள்ளும்படியாக எதுவும் இல்லை. எங்கள் தெருவில் வீடு காலி செய்து போகிறவர்கள், உடன் கொண்டுசெல்ல முடியாத பொருள்களை ஓரமாக வைத்துவிட்டுப் போகிறார்கள். அவற்றுள் சில, சற்றுக் கைவேலை செய்தால் இன்னும் பல ஆண்டுகள் உழைக்கக்கூடியவை என்றே தோன்றுகிறது.

இப்போது என் கண்ணில் பட்டிருப்பவை: நான்கு இழுப்பறைகள் இருக்க வேண்டிய இடத்தில் மூன்று மட்டுமே உள்ள ஓர் அலமாரி, மெத்தை கிழிந்து, உட்கார்ந்தால் பக்கவாட்டில் ஆடுகிற இரண்டு நாற்காலிகள், சரக்குகளை அடுக்கி அனுப்பப் பயன்படும் மரப் பேலட்டுகள் சில. என்னிடம் சுத்தியல், திருப்புளி, கைரம்பம் ஆகியவை மட்டுமே உள்ளன. மின்கருவிகள் இல்லை, வாங்கும் எண்ணமும் இப்போதைக்கு இல்லை. தவழத் தொடங்கியிருக்கும் குழந்தை இருப்பதால், மூட்டைப்பூச்சியும் பழைய பெயிண்டும் வீட்டுக்குள் வந்துவிடுமோ என்று என் மனைவி தயங்குகிறார்; அந்தத் தயக்கம் எனக்கும் நியாயமாகவே படுகிறது. இவற்றில் எவற்றை எடுப்பது தகும், எடுத்தால் எப்படி வேலை செய்வது என்று அனுபவமுள்ளவர்கள் கூறினால் உதவியாக இருக்கும்.

உளிச்சத்தம்:

எடுக்கலாமா வேண்டாமா என்பதைப் பொருளின் முகத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள்; கவிழ்த்துப் பாருங்கள். கீறல், கறை, மங்கிய பாலிஷ் எல்லாம் உப்புத்தாளுக்கு அடங்குபவை. அது என்ன மரம், எப்படி இணைக்கப்பட்டது, எவ்வளவு காலம் ஈரத்தில் நின்றது என்பதை அடிப்பாகமும் பின்பக்கமும்தான் காட்டிக்கொடுக்கும். பலகையின் மேற்பரப்பில் ஓடும் ரேகை விளிம்பைக் கடந்து பக்கவாட்டிலும் தொடர்ந்தால் அது முழுமரம். மேலே அழகான ரேகையும், விளிம்பில் ஒட்டிய பட்டையும், திருகாணி போன துளைக்குள் இறுக்கிய மரத்தூளும் தெரிந்தால் அது பார்ட்டிகிள் போர்டு. இது ஒருமுறை நீரை உறிஞ்சி உப்பிவிட்டால் காய்ந்த பிறகும் பழைய கனத்துக்குத் திரும்பாது, அந்த இடத்தில் திருகாணியும் பிடிக்காது. ஆகவே, அடிக்கால்கள் உப்பிய அலமாரியை, மேலே எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும், நின்ற இடத்திலேயே விட்டுவிடலாம்.

நாற்காலிகளைத் தயங்காமல் எடுங்கள். ஆடுகிற நாற்காலியில் பெரும்பாலும் மரம் நன்றாகவே இருக்கும். சட்டங்கள் சேரும் இடத்தில் பசை மட்டும் செத்திருக்கும். இதற்கு ஆணி அடிக்கிறவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வரும். ஆணி மரத்தைப் பிளக்கும், ஆட்டம் சீக்கிரமே திரும்பும், பிறகு வேறொருவர் பிரித்துச் சரிசெய்யவும் வழியிருக்காது. அதற்குப் பதிலாக, ஆடும் இணைப்புகளைத் துணி சுற்றிய சுத்தியலால் மெல்லத் தட்டிப் பிரித்து, எந்தத் துண்டு எங்கே இருந்தது என்று பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள். செருகும் முனையிலும் துளைக்குள்ளும் படிந்திருக்கும் பழைய பசையை முழுவதும் சுரண்டி எடுக்க வேண்டும். மரப்பசை மரத்தின் நுண்துளைகளுக்குள் இறங்கி இறுகுவதால்தான் பிடிக்கிறது. பழைய பசை அந்தத் துளைகளை அடைத்துக்கொண்டிருந்தால் புதுப்பசைக்கு இறங்க இடமில்லை. மிகப் பழைய நாற்காலியாக இருந்தால் அது விலங்குத் தோலிலிருந்தும் எலும்பிலிருந்தும் காய்ச்சிய வஜ்ஜிரமாக இருக்கக்கூடும். அது வெந்நீர் நனைத்த துணியை வைத்தாலே இளகிவிடும்.

ஒட்டிய துண்டுகளை இறுக்கிப் பிடிக்கும் கிளாம்ப் இல்லையே என்று கவலைப்பட வேண்டாம். வெள்ளை மரப்பசையைத் தடவி எல்லாவற்றையும் செருகியபின், நான்கு கால்களையும் சுற்றி ஒரு கயிற்றைத் தளர்வாக இரட்டையாகக் கட்டி, இரு இழைகளுக்கும் நடுவே ஒரு குச்சியை நுழைத்து முறுக்குங்கள். முறுக்க முறுக்கக் கயிறு இறுகி, இணைப்பின் விளிம்பில் பசை சிறு முத்துகளாகப் பிதுங்கும். அதுவே போதிய இறுக்கத்துக்கு அடையாளம். பிதுங்கியதை ஈரத்துணியால் உடனே துடைத்துவிடுங்கள். விட்டால் பிறகு பாலிஷ் ஏறாத திட்டாக நிற்கும். குச்சியின் முனையைக் குறுக்குச் சட்டத்தில் மாட்டிவிட்டு, நாற்காலியைச் சமதளத் தரையில் நிறுத்தி, நான்கு கால்களும் தரையில் பதிகின்றனவா என்று பாருங்கள். பசை இறுகிய பிறகு கண்டுபிடிக்கும் கோணலுக்கு மருந்தில்லை. 24 மணி நேரம் அதில் யாரும் உட்காரக் கூடாது.

ஊசிநூல்:

உளிச்சத்தம் ஐயா நாற்காலியைத் தயங்காமல் எடுக்கச் சொல்கிறார். நான் வாசலில் சற்றுத் தயங்கச் சொல்வேன். எடுத்த கையோடு வீட்டுக்குள் கொண்டுபோகாதீர்கள். துணியும் பஞ்சும் உள்ள எந்தப் பொருளையும் நல்ல வெளிச்சத்தில், வெளியிலேயே வைத்து, தையல் ஓரம், மெத்தையின் அடிப்பக்கம், திருகாணித் துளைகள், சட்டங்கள் சேரும் இடுக்குகள் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். வளர்ந்த மூட்டைப்பூச்சி சுமார் 5 மில்லிமீட்டர் நீளம் இருக்கும், கண்ணுக்குத் தெரியும்; முட்டை சுமார் 1 மில்லிமீட்டர்தான், வெள்ளையாக இடுக்கில் ஒட்டியிருக்கும். பூச்சியே தென்படாவிட்டாலும், இடுக்கோரம் பேனா மையைத் தொட்டு வைத்ததுபோன்ற கறும்புள்ளிகள் இருந்து, ஈரத்துணியால் தேய்த்தால் அவை செம்பழுப்பாக இழுபட்டால், அந்தப் பொருளை விட்டுவிடுங்கள். இரத்தம் கிடைக்காமலேயே பல மாதங்கள் உயிரோடிருக்கக்கூடிய பூச்சி அது. ஆகவே ‘நெடுநாள் வெளியே கிடந்ததுதானே’ என்று சமாதானம் சொல்லிக்கொள்ள முடியாது.

வெயிலில் போட்டால் எல்லாம் செத்துவிடும் என்பதும் பரவலான நம்பிக்கை. மூட்டைப்பூச்சியும் அதன் முட்டையும் சாக ஏறத்தாழ 50 டிகிரி செல்சியஸ் வெப்பம் அவற்றின் உடலையே எட்ட வேண்டும். நாற்காலியின் ஒரு பக்கம் சுடும்போது பூச்சி மறுபக்க நிழலுக்கு நகர்ந்துவிடும். மரத்தின் இடுக்குகளில் கொதிநீராவி செலுத்துவது பயன் தரும். பஞ்சு மெத்தைக்கு அதையும் நம்பி இருக்காதீர்கள். சோஃபா, மெத்தை, திண்டு ஆகியவற்றைத் தெருவிலிருந்து எடுக்கவே கூடாது என்பது என் கட்சி.

உங்கள் நாற்காலிகளின் மெத்தையைக் கழற்றி எறிந்துவிடலாம் என்பதால் அவை தப்பித்தன. கவிழ்த்துப் பார்த்தால் பெரும்பாலும் மூலைக்கு ஒன்றாக நான்கு திருகாணிகள் இருக்கும். அவற்றைக் கழற்றினால் உட்காரும் பலகை தனியே வந்துவிடும். வேலையை வெளியில் வைத்துக்கொண்டு, பழைய துணியைக் கிழிக்காமல் ஸ்டேப்ளர் முள்களை ஒவ்வொன்றாக நெம்பி எடுங்கள். புதுத் துணி வெட்ட அதுவே அளவு காட்டும். பிறகு துணியையும் பஞ்சையும் பையில் இறுக்கிக் கட்டி அப்புறப்படுத்துங்கள். பலகையின் அளவுக்கு 5 சென்டிமீட்டர் கனத்தில் புது ஃபோம் வெட்டி, கெட்டியான துணியை எல்லாப் பக்கமும் மடித்துப் பிடிக்கும் அளவுக்கு மிச்சம் விட்டு விரியுங்கள். மூலையிலிருந்து தொடங்குவதுதான் பலரும் செய்வது; துணி கோணிக்கொள்வதும் அதனால்தான். முன்பக்கத்தின் நடுவில் ஒரு முள், நேர் எதிரே பின்பக்கத்தின் நடுவில் ஒன்று, பிறகு இடம், வலம் என்று அடித்து, நடுவிலிருந்து மூலைகளை நோக்கிப் போக வேண்டும். மூலையைக் கடைசியாக மடித்து அடியுங்கள். கோடுபோட்ட துணியை முதல் நாற்காலிக்குத் தேர்ந்தெடுக்காதீர்கள். சிறு கோணலும் தூரத்திலிருந்தே தெரியும்.

தூசுதட்டி:

விடுபட்டவற்றை மட்டும் சொல்கிறேன். முதலில், தெருவோரத்தில் இருப்பதெல்லாம் வேண்டாம் என்று விட்டதாகாது; வீடு மாறும் அவசரத்தில் இறக்கிவைத்ததாகவும் இருக்கலாம். எடுப்பது குறித்த விதிகளும் இடத்துக்கு இடம் வேறுபடுகின்றன. அக்கம்பக்கத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது.

மூட்டைப்பூச்சியைப் போலவே மரத்தைக் குடையும் உளுவையும் கவனியுங்கள். மரத்தில் 1 அல்லது 2 மில்லிமீட்டர் அளவில் வட்டத் துளைகள் இருந்தால், பூச்சி வெளியேறிப் போன பழைய துளைகளாகவும் இருக்கலாம், உள்ளே இன்னும் குடைந்துகொண்டும் இருக்கலாம். பொருளை வெளியிலேயே வெள்ளைத் தாளின் மேல் நிறுத்தி, தட்டித் துடைத்துவிட்டுச் சில வாரம் விடுங்கள். தாளில் மாவுபோலப் புதுத் தூள் விழுந்தால் உளு உயிரோடு இருக்கிறது. போராக்ஸ் கலந்த மருந்து உண்டு. ஆனால் பெயிண்டோ வார்னிஷோ உள்ள மரத்தில் அது ஊறாது, வெறும் மரத்தில்தான் இறங்கும்.

பெயிண்ட் விஷயத்தில் உங்கள் மனைவி அஞ்சுவது சரி. பழைய பெயிண்டுகளில் ஈயம் சேர்ப்பது உலகெங்கும் வழக்கமாக இருந்தது. அமெரிக்காவில் வீட்டு உபயோகப் பெயிண்டில் அதைத் தடை செய்ததே 1978இல்தான். பல நாடுகளில் அதற்கும் பிந்தித்தான் கட்டுப்பாடு வந்தது, சிலவற்றில் இன்னும் வரவில்லை. உரிந்து நிற்கும் பழைய பெயிண்டை உப்புத்தாளால் உலர்வாகத் தேய்த்தால், ஈயத்தூசி தரையில் படிந்து, தவழும் குழந்தையின் கைக்கும் கையிலிருந்து வாய்க்கும் போகும். குழந்தையின் மூளை வளர்ச்சியை ஈயம் குறைந்த அளவிலேயே பாதிக்கிறது. எனவே, எத்தனை அடுக்கு, எந்தக் காலத்தது என்று தெரியாத பெயிண்ட் உரிகிற பொருளை உங்கள் வீட்டுக்கு எடுக்க வேண்டாம். பெயிண்ட் இல்லாத வெறும் மரமும், வார்னிஷ் மட்டும் பூசிய மரமும் தாராளமாகக் கிடைக்கும்போது அந்தத் துணிச்சல் எதற்கு? யாராவது தொட்டிலோ குழந்தைக் கட்டிலோ வைத்துவிட்டுப் போனாலும் எடுக்காதீர்கள். கம்பிகளுக்கிடையே 6 சென்டிமீட்டருக்கு மேல் இடைவெளி இருந்தால் குழந்தையின் உடல் நழுவித் தலை சிக்கிக்கொள்ளும்.

பேலட்டுகளில் முத்திரையைத் தேடுங்கள். நாடு விட்டு நாடு போகும் மரப் பேலட்டுகளில் பூச்சி பரவாமலிருக்க ஐ.எஸ்.பி.எம். 15 என்ற சர்வதேச விதிப்படி, கோதுமைக் கதிர்ச் சின்னத்துடன் முத்திரை குத்தியிருக்கும். அதில் எச்.டி. (HT) என்றிருந்தால் மரத்தின் உட்பகுதிவரை 56 டிகிரியில் 30 நிமிடம் சூடேற்றியது; எடுக்கலாம். எம்.பி. (MB) என்றிருந்தால் மெத்தில் புரோமைடு என்ற நச்சுவாயுவால் புகையூட்டியது, விட்டுவிடுங்கள். முத்திரை சரியாக இருந்தாலும் எண்ணெய்க்கறையோ மருந்து வாடையோ உள்ளதைத் தொட வேண்டாம், ஏனெனில் அதன்மேல் என்ன கொட்டியது என்பது முத்திரையில் இராது. பலகையை நெம்பி எடுக்கப் பார்த்தால் அந்த ஆணிகள் விடமாட்டா, பலகைதான் பிளக்கும். இரும்பறுக்கும் பிளேடைப் பலகைக்கும் கட்டைக்கும் நடுவே விட்டு ஆணியை அறுத்துவிடுங்கள். ஆணித்தலை பலகையிலேயே தங்கிவிடும், பார்க்கவும் நன்றாகவே இருக்கும். அந்தப் பலகைகளில் செருப்பு அடுக்கும் தட்டோ, தாழ்வான பெஞ்சோ செய்யக் கைரம்பம் போதும்.

புதுக்குடித்தனம்:

மூவருக்கும் மிக்க நன்றி. நாற்காலிகளைக் கவிழ்த்துப் பார்த்தேன். முழுமரம், நான்கு திருகாணிகள், இடுக்குகளில் புள்ளி எதுவும் இல்லை. பேலட்டுகளில் இரண்டில் மட்டும் எச்.டி. முத்திரை இருக்கிறது. அலமாரியின் மேற்பலகையில் ரேகை விளிம்போடு நின்றுவிடுகிறது, ஆனால் எங்கும் உப்பவில்லை. அதை எடுக்கலாமா? காணாமல்போன இழுப்பறையின் இடத்தை என்ன செய்வது?

உளிச்சத்தம்:

உப்பாத அலமாரி என்றால் எடுக்கலாம். அது வெனீர் எனும் மெல்லிய மரத்தோல் ஒட்டிய பலகையாக இருக்கக்கூடும். ரேகையுள்ள அந்த மேல்தோல் பெரும்பாலும் 1 மில்லிமீட்டருக்கும் குறைவு என்பதால், கரடான 80ஆம் எண் உப்புத்தாளை அதன் பக்கமே கொண்டுபோகாதீர்கள். 180இல் தொடங்கி, ரேகை ஓடும் திசையிலேயே லேசாகத் தேய்த்து 220இல் முடித்துவிடுங்கள். ஆளிவிதை எண்ணெய் பூசுவதாக இருந்தால், துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போட வேண்டாம். அந்த எண்ணெய் காற்றோடு சேர்ந்து இறுகும்போது சூடு உண்டாகிறது; சுருட்டிய துணிக்குள் அந்தச் சூடு வெளியேற முடியாமல் தானாகவே தீப்பிடிக்கும். விரித்துக் காயவைத்தோ, நீரில் நனைத்தோ அப்புறப்படுத்துங்கள்.

இழுப்பறை போன இடத்துக்குப் புதிதாக இழுப்பறை செய்ய முயல வேண்டாம். கைக்கருவியில் அது நேர் வராது. பக்கச்சுவர்களில் இழுப்பறை ஓடிய சட்டங்கள் அப்படியே இருந்தால், அவற்றின்மேல் பேலட் பலகைகளை உள் அகலத்துக்கு வெட்டி வரிசையாகப் படுக்க வைத்துத் திருகிவிடுங்கள். திறந்த தட்டாகிவிடும், புத்தகமோ, மடித்த துணியோ வைக்கலாம். காலியிடம் எந்த அடுக்கில் இருக்கிறது என்று பாருங்கள். இழுப்பறைகள் ஒரே அளவாக இருந்தால் அவற்றை மாற்றிச் செருகி, திறந்த தட்டைக் குழந்தையின் கைக்கு எட்டாத மேலடுக்குக்குக் கொண்டுபோகலாம்.

தூசுதட்டி:

இதில் ஒன்றைச் சேர்க்கிறேன். தவழும் குழந்தை சில மாதங்களில் இழுப்பறைகளைத் திறந்து படியாக ஏறப் பார்க்கும். இரண்டு இழுப்பறைகள் ஒரே நேரத்தில் வெளியே வந்தாலே அலமாரியின் எடை முன்னுக்கு வந்து கவிழ்ந்துவிடும். கனமான பொருள்களைக் கீழடுக்கில் வையுங்கள். எல் வடிவ இரும்புப் பட்டை இரண்டை அலமாரியின் மேற்பக்கத்தில் மாட்டிச் சுவரோடு திருகுங்கள். பின்பக்கத் தகடு மெல்லியது, இழுத்தால் பிய்ந்துவிடும் என்பதால் பட்டையை அதில் பொருத்தாமல், மேற்பலகையிலோ பக்கப் பலகையிலோ பொருத்த வேண்டும். சுவரில் துளை போட வீட்டு உரிமையாளரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். அவர் சம்மதிக்கும்வரை இழுப்பறைகளைக் கழற்றித் தனியே வைத்திருங்கள்.