காப்புறுதி நிறுவனத்தின் மின்னஞ்சல் உண்மையானதா, மோசடியா?

கேள்வி (கோப்பாய்)
வணக்கம். எனது தாயாருக்கு அவருடைய காப்புறுதி நிறுவனத்தின் பெயரில் ஒரு மின்னஞ்சல் வந்துள்ளது. அடையாள அட்டையின் படத்தையும் வங்கிக் கணக்கு இலக்கத்தையும் ஒரு வாரத்துக்குள் பதிவேற்றாவிட்டால் முதிர்வுத் தொகை தாமதமாகும் என்று அது எச்சரிக்கிறது. இணைப்பின் மேல் சுட்டியை வைத்தால், நிறுவனத்தின் டொட் எல்கே முகவரி அல்லாமல், முன்பின் அறியாத ஒரு டொட் கொம் முகவரி தெரிகிறது. ஆனால் காப்புறுதிப் பத்திர இலக்கம் சரியாகவே உள்ளது. இதை நம்பலாமா?

மறுமொழி (திருநெல்வேலி)
இணைப்பு வேறு முகவரிக்குப் போகிறது என்பதற்காக மட்டும் இதை மோசடி என்று முடிவுகட்ட முடியாது. பல நிறுவனங்கள் மெயில்சிம்ப், சென்ட்கிரிட் போன்ற சேவைகளின் ஊடாகவே மின்னஞ்சல் அனுப்புகின்றன. யார் யார் சொடுக்கினார்கள் என்று கணக்கெடுப்பதற்காக அச்சேவைகள் ஒவ்வொரு இணைப்பையும் தமது முகவரி வழியாகத் திருப்பிவிடுவதுண்டு. கணினியில் ஜிமெயிலைத் திறந்து, மூன்று புள்ளிகளை அழுத்தி, 'ஷோ ஒரிஜினல்' என்பதைத் தெரிவுசெய்யுங்கள். அனுப்புநர் முகவரியில் @ குறிக்குப் பின்னால் இருப்பது நிறுவனத்தின் சொந்தப் பெயர்தானா என்பதையும், டிமார்க் (மின்னஞ்சல் உண்மையிலேயே அனுப்புநர் முகவரியில் காட்டும் பெயரிலிருந்துதான் வந்ததா என்று பார்க்கும்) சோதனைக்கு எதிரே 'பாஸ்' என்று இருக்கிறதா என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும். ஏனெனில், மோசடிக்காரர் ஒத்த பெயரில் ஒரு முகவரியை வாங்கினால் அதுவும் இச்சோதனையில் சித்தியடையும்.

நிறுவனங்களே இக்குழப்பத்தை வளர்க்கின்றன என்பதுதான் எனக்கு மிகுந்த கவலை தருகிறது. 2017இல் அமெரிக்காவில் மக்களின் கடன் விபரங்களைத் திரட்டும் எக்குவிபக்ஸ் நிறுவனத்திலிருந்து 14 கோடிக்கும் அதிகமானோரின் தரவுகள் கசிந்தபோது, அது தனது வழமையான தளத்தை விட்டுப் புதிய பெயரில் ஒரு தளத்தை அமைத்தது. அப்பெயரின் சொற்களை இடம்மாற்றி ஒருவர் எச்சரிக்கைக்காகப் போலித் தளம் ஒன்றை உருவாக்க, நிறுவனத்தின் டுவிட்டர் கணக்கே வாடிக்கையாளரை அந்தப் போலித் தளத்துக்கு அனுப்பிவிட்டது.

மறுமொழி (சுன்னாகம்)
பத்திர இலக்கம் சரியாக இருப்பதை ஆதாரமாகக் கொள்ள வேண்டாம். கசிந்த தரவுகளிலும் அது இருக்கக்கூடும். மின்னஞ்சலில் உள்ள தொலைபேசி இலக்கத்தை விட்டு, காப்புறுதிப் பத்திரத்தில் அச்சிட்டுள்ள இலக்கத்துக்கு அழையுங்கள்.

கேள்வி கேட்டவர்
இருவருக்கும் நன்றி. அனுப்புநர் முகவரி நிறுவனத்துடையதுதான். டிமார்க்கும் 'பாஸ்' என்றே காட்டுகிறது. பத்திரத்தில் இருந்த இலக்கத்துக்கு அழைத்தபோது, விபரம் திரட்டும் பணியை வேறொரு நிறுவனத்திடம் ஒப்படைத்திருப்பதாகக் கூறினார்கள். இருந்தாலும் அம்மா பிரதிகளை யாழ்ப்பாணக் கிளையில் நேரில் கொடுக்கவே விரும்புகிறார். இதைப் பற்றி நிறுவனத்துக்கு என்னவென்று எழுதலாம்?

மறுமொழி (திருநெல்வேலி)
நேரில் கொடுப்பதே நல்லது. இணைப்புகளை, வாடிக்கையாளரான நிறுவனத்தின் சொந்த இணைய முகவரியின் கீழ் வரும் கிளை முகவரி (சப்டொமைன்) ஒன்றின் ஊடாக அனுப்பும் வசதியை மின்னஞ்சல் சேவைகள் தருகின்றன. அதைப் பயன்படுத்துமாறு கேளுங்கள். இத்தகைய மின்னஞ்சலை அனுப்பும்போது, அதைப் பற்றிய அறிவித்தலைத் தமது தளத்தின் முகப்பிலும் வெளியிடுமாறு எழுதுங்கள்.