உதவி: சர்வேயர் எங்கள் சுவரை ஒட்டியே கல் நட்டுவிட்டார்

பள்ளத்தூர் பேரன்
அவசரம். பூர்வீக வீட்டுக்கு வடபுறம் எல்லைத் தகராறு. நேற்று சர்வேயர் வந்து எங்கள் சுவரை ஒட்டியே கல் நட்டுப் போயிருக்கிறார். வெள்ளிக்கிழமை பக்கத்து வீட்டார் அதில் மதில் எழுப்புகிறார்கள். எங்களுக்கு ஓரடிக்கு மேல் போகிறது. நான் சென்னையில் இருக்கிறேன். எப்படி நிறுத்துவது?

கண்டனூர் முருகு
வந்தது தாலுகா சர்வேயரா, தனியாரா? இடம் நத்தமா (ஊர்க் குடியிருப்பு நிலம்), டவுன் சர்வேயா (நகர அளவையில் சேர்ந்ததா)? பத்திரம் என்ன சொல்கிறது? இது எதுவும் இல்லாமல் என்னத்தைச் சொல்ல?

கார்த்தி, டோட்டல் ஸ்டேஷன்
பழைய சங்கிலி அளவின் கோளாறுதான். சங்கிலி 66 அடி, 100 லிங்க். இரண்டு லிங்க் பிசகினாலே ஓரடிக்கு மேல் போச்சு. டோட்டல் ஸ்டேஷன் என்ற மின்னணு அளவுக் கருவி வைத்து மறு அளவை போடுங்கள்.

ஓய்வுபெற்ற அளவர்
தம்பி கார்த்தி, கருவி வாங்கியவரெல்லாம் அளவர் ஆகிவிட முடியாது. நத்த மனைகளை அளந்து பட்டா கொடுத்த நத்தம் நிலவரித் திட்டத்தில் நானும் வேலை பார்த்தேன். மீட்டர் டேப்பில்தான் அளந்தோம், சங்கிலியில் இல்லை. பேரன், பட்டா வரைபடத்தில் தெரு முகப்பு எவ்வளவு? மூலப்பத்திரத்தில் எவ்வளவு?

பள்ளத்தூர் பேரன்
நத்தம்தான். தாலுகா சர்வேயர். பட்டாவில் 16.4 மீட்டர். மூலப்பத்திரத்தில் 20 முழம்.

கண்டனூர் முருகு
முழம் ஒன்றரை அடி. 20 முழம் 30 அடிதானே? அப்படியென்றால் உங்களிடம் அதிகமாகத்தான் இருக்கிறது.

ஓய்வுபெற்ற அளவர்
அது பூ விற்கிற முழம். மனைக்குத் தச்சு முழம், 33 அங்குலம். 20 முழம் 55 அடி.

கண்டனூர் முருகு
எங்கள் பத்திரத்தில் கை முழம் என்றே எழுதியிருக்கிறது, அண்ணே. எல்லா ஊருக்கும் ஒரே கணக்குப் போடாதீர்கள்.

ஓய்வுபெற்ற அளவர்
உங்கள் பத்திரத்தைப் பற்றி நான் பேசவில்லை. நின்றுகொண்டிருக்கும் வீட்டை அளந்தாலே எந்த முழம் என்று தெரிந்துவிடும். 16.4 மீட்டர் என்றால் 53 அடி 10 அங்குலம். 30 அடிக்கு அது எப்படி ஒத்துவரும்?

தேவகோட்டை வக்கீல்
முழச் சண்டையை நிறுத்துங்கள், ஐயா. பேரன், பத்திரத்தில் நான்குமால் பகுதியை, அதாவது நான்கு பக்க எல்லை விவரத்தை, எழுத்துக்கெழுத்து படியுங்கள். அளவும் எல்லையும் முரண்பட்டால் எல்லை விவரத்துக்கே பெரும்பாலும் மதிப்பு. அப்புறம், யாரும் அந்தக் கல்லைப் பிடுங்காதீர்கள். அரசு நட்ட கல், பிடுங்கினால் குற்றம்.

பள்ளத்தூர் பேரன்
“வடக்குச் சுவரும் ஓட்டுத் தண்ணீர் விழும் பாத்தியமும் உட்பட” என்று இருக்கிறது.

ஓய்வுபெற்ற அளவர்
அதுதான். நத்தத்தில் கண்ணுக்குத் தெரிந்த சுவரை அளந்திருப்பார்கள். ஓட்டுத் தண்ணீர் விழும் இடத்துக்குச் சுவரும் கிடையாது, கல்லும் கிடையாது. 55 அடிக்கு 53 அடி 10 அங்குலம் போக மிச்சமிருக்கும் அந்த 14 அங்குலம் வரைபடத்தில் ஏறவில்லை. அளவர் வரைபடத்தில் இருப்பதைத்தான் தரையில் காட்ட முடியும். யாருக்குச் சொந்தம் என்பதை உரிமையியல் நீதிமன்றம்தான் சொல்ல வேண்டும். இந்த வித்தியாசம் புரியாமல் எங்களைத் திட்டாத ஊர் கிடையாது. ஊரில் யாரையாவது அனுப்பி ஓட்டு ஓரத்துக்கு நேர் கீழே தரையைப் பார்க்கச் சொல்லுங்கள்.

தேவகோட்டை வக்கீல்
இன்றே வக்கீல் நோட்டீஸ். கேட்கவில்லையென்றால் வழக்குப் போட்டு இடைக்காலத் தடை கேளுங்கள். கூடவே, இடத்தைப் பார்க்க நீதிமன்றம் அனுப்பும் ஆணையரை நியமிக்கச் சொல்லி ஒரு மனு. ஆணையர் அளவரோடு வந்து இருக்கிற நிலையைப் பதிவு செய்துவிட்டால், பின்னால் மதில் வந்தாலும் தடயம் அழியாது.

கார்த்தி, டோட்டல் ஸ்டேஷன்
சரி ஐயா, சங்கிலி இல்லை என்று ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஓட்டு ஓரத்தையும் சேர்த்து ஒரு வரைபடம் போட்டுக் கையில் வைப்பது நல்லது.

ஓய்வுபெற்ற அளவர்
அதைச் செய்யுங்கள். இது சரியான யோசனை.

பள்ளத்தூர் பேரன்
சித்தப்பா போய்ப் பார்த்தார். சுவரிலிருந்து ஓரடி தள்ளி, ஓட்டு வரிசைக்கு நேர் கீழே, கருங்கல்லில் சொட்டுச் சொட்டாக விழுந்த குழிகள் முகப்பிலிருந்து பின்கட்டு வரைக்கும் வரிசையாக இருக்கின்றன. போட்டோ எடுத்தாச்சு. நோட்டீஸ் போயாச்சு, வெள்ளிக்கிழமை வேலை நடக்கவில்லை. பக்கத்து வீட்டு ஆச்சி உட்கார்ந்து பேசலாம் என்றிருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போகிறேன்.