மறு: லிசனிங் எஃபர்ட்: "கேட்டல் முயற்சி" சரிவருமா?

வணக்கம்.

> "கேட்டல் முயற்சி" என்றே வைத்துவிடலாம். நேரடியாக இருக்கிறது.

நம் கலைச்சொல் பட்டியலுக்காக "லிசனிங் எஃபர்ட்" (listening effort) என்பதற்குத் தமிழ்ச்சொல் தேடும்போது வந்த இந்த யோசனையில் எனக்கு ஒரு தயக்கம். பள்ளிக்கூடத் தமிழில் முயற்சி என்றால் பிள்ளை மனம்வைத்துச் செய்வது. இந்தச் சொல்லை வைத்தால், வகுப்பறை இரைச்சலுக்கும் சேர்த்துப் பிள்ளையிடம் "முயற்சி போதாது" என்பார்கள். மின்விசிறி கடகடக்க, பக்கத்து வகுப்பு வாய்ப்பாடு ஒப்பிக்க, அதற்குள்ளிருந்து ஆசிரியர் சொல்வதைப் பிரித்தெடுக்க மூளை படும் பாட்டைத்தான் இங்கே சொல்ல வருகிறோம். விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் அது செலவாகும்.

சொன்ன சொல்லைத் திருப்பிச் சொல்லச் சொன்னால் பிள்ளை சரியாகவே சொல்லிவிடலாம். ஆனால் பொருளைப் பிடிக்கவும் நினைவில் வைக்கவும் தெம்பு மிச்சமிருக்காது. காதில் விழாமல் போன ஒலியைப் பெரியவர்கள் சொல்வளத்தால் நிரப்பிக்கொள்வோம். பிள்ளைகளுக்கு அந்தத் திறன் பதின்ம வயது வரை வளர்ந்துகொண்டிருக்கும். அதனால்தான் ஆசிரியர் குரல் இரைச்சலைவிட 15 டெசிபெல் கூடுதலாகக் கேட்கவேண்டும் என்கிறார்கள். 2002-இல் வந்த அமெரிக்கத் தர அளவு, ஆளில்லாத வகுப்பறையில் பின்னணி இரைச்சலுக்கு 35 டெசிபெல் என்று வரம்பு வைத்தது. நம் ஊரில் சாலையோரப் பள்ளியின் ஜன்னலைத் திறந்து வைத்தால் நடக்கிற காரியமா?

என் பரிந்துரை "கேட்டல் உழைப்பு". "கேட்புழைப்பு" என்று சுருக்கலாம்தான், ஆனால் கேட்பு என்றதும் வரிக் கேட்பும் வங்கியின் கேட்பு வரைவோலையும் நினைவுக்கு வந்துவிடுகின்றன. "கேட்டல் சுமை" என்று வைக்கலாம் என்றவருக்கு: சுமை வெளியிலிருந்து ஏறுவது, அதாவது இரைச்சலும், சுவரில் பட்டுத் திரும்பி நீடிக்கும் எதிர்முழக்கமும். உழைப்பு உள்ளே செலவாவது. இரண்டுக்கும் தனிச்சொல் வேண்டும்.

அப்புறம் டிஸ்ஃபோனியா (dysphonia), அதாவது குரல் கரகரத்தோ அடைத்தோ இயல்பு கெடுவது. அதற்கும் ஒரு சொல் வேண்டும். "குரல் குறைபாடு" ரொம்பப் பொதுவாக இருக்கிறது. "தொண்டைக்கட்டு" என்றால் நான்கு நாளில் சரியாகிற சளி என்று நினைப்பார்கள். "குரல் கம்மல்" ஏற்கெனவே வழக்கில் இருக்கிறது, நாள்பட்டதற்கும் பொருந்தும். நகைக்கடைக் கம்மல் என்று யாராவது கிண்டல் செய்வார்கள், செய்யட்டும்.

இரண்டு சொல்லையும் ஒரே வாக்கியத்தில் போட்டுப் பார்க்கவேண்டும், ஏனென்றால் விஷயமே அப்படிப் பின்னிக்கிடக்கிறது. இரைச்சலில் நாம் அறியாமலே குரலை உயர்த்துவோம். 1911-இல் இதைப் பதிவு செய்த பிரெஞ்சு மருத்துவர் லொம்பார்டின் பெயரிலேயே அந்த விளைவு வழங்குகிறது. நாள் முழுக்க அப்படிப் பேசும் ஆசிரியருக்குக் குரல் கம்மும். சுவீடனின் லுண்ட் பல்கலைக்கழகத்தில், கம்மிய குரலில் கேட்கும்போது பிள்ளைகளுக்குப் புரிதல் எப்படி மாறுகிறது என்று தொடர்ந்து ஆராய்ந்திருக்கிறார்கள். ஆக, "ஆசிரியரின் குரல் கம்மல் மாணவரின் கேட்டல் உழைப்பைக் கூட்டுகிறது." இடறாமல் படிக்க முடிகிறதல்லவா?

இலங்கை நண்பர்கள் "செவிமடுத்தல் உழைப்பு" என்பதையே விரும்புவார்களோ? சொல்லுங்கள், அதற்குப் பிறகு பட்டியலில் ஏற்றிவிடலாம்.