அக்கி ஆறி நான்கு மாதம், எரிச்சல் மட்டும் போகவில்லை. ஆயாவுக்கு மாத்திரையும் ஒத்துக்கொள்ளவில்லை. வேறு வழி உண்டா?

பள்ளத்தூர்ப் பேத்தி

எங்கள் ஆயாவுக்கு 73 வயது, எடை 48 கிலோ. பல வருடமாகச் சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் சாப்பிடுகிறார். தை மாதம் இடப்பக்கம் முதுகிலிருந்து மார்பு வரை பட்டையாக அக்கி வந்தது. வீட்டு வழக்கப்படி முதலில் வேளாரிடம் கூட்டிப்போய்ச் செங்காவியால் அக்கி எழுதினோம். டாக்டரிடம் போனபோது ஒரு வாரம் ஓடிவிட்டது.

கொப்புளமெல்லாம் காய்ந்து தழும்பாகிவிட்டது. ஆனால் கண்டாங்கி முந்தானை உரசினாலே துடிக்கிறார். ஃபேன் காற்றும் ஆகவில்லை. பாதி ராத்திரி பட்டாலையில் உட்கார்ந்தே கழிகிறது.

ஒரு டாக்டர் நரம்பு வலிக்கான பிரிகாபலின் மாத்திரையை 75 மில்லிகிராம் காலை, இரவு என்று எழுதினார். மூன்றாம் நாள் பின்னிரவில் எழுந்தவர், வளவுக்குள் இறங்கும் படியில் தலைசுற்றி விழுந்துவிட்டார். நல்லவேளை, எலும்பு முறியவில்லை. அன்றோடு மாத்திரையை நிறுத்திவிட்டார். இப்போது வலி தாங்காத நாளில் டைக்ளோஃபெனாக் ஊசிதான். அம்மான் ஒருவர், நரம்பு வலிக்கு அமிட்ரிப்டிலின் என்று இன்னொரு மாத்திரை உண்டு, கேட்டுப்பார் என்கிறார். போன மாதம் எடுத்த கிரியாட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று பார்க்கும் ரத்தப் பரிசோதனை) 1.6. மதுரைக்குக் கூட்டிப்போகப் போகிறோம். அங்கே என்ன கேட்க வேண்டும்?

தேவகோட்டை மருந்துக்கடைக்காரர் (ஓய்வு)

தங்கச்சி, முதலில் அந்த ஊசியை நிறுத்தச் சொல்லுங்கள். இது வீக்கத்தால் வரும் வலி இல்லை, அக்கிக் கிருமி நரம்பைக் கெடுத்துவிட்டுப் போனதால் வரும் வலி. டைக்ளோஃபெனாக் இதற்குப் பெரிதாக உதவாது. சிறுநீரகத்தை மட்டும் இன்னும் கொஞ்சம் கெடுக்கும்.

அடுத்தது அந்த 1.6. பார்க்கச் சின்ன எண்தான். ஆனால் 73 வயது, 48 கிலோ, பெண் என்று கணக்கில் போட்டுப் பாருங்கள், சிறுநீரகம் நிமிடத்துக்குச் சுமார் 24 மில்லிலிட்டர்தான் வடிகட்டுகிறது. பிரிகாபலின் உடம்புக்குள் சிதைந்து போகிற மருந்து இல்லை. ஏறக்குறைய அப்படியே சிறுநீரில்தான் வெளியேற வேண்டும். இந்த அளவு வடிகட்டும் ஒருவருக்கு நாளுக்கு 25 முதல் 50 மில்லிகிராமில் தொடங்குவார்கள், உச்ச வரம்பே 150தான். ஆயாவுக்கு முதல் நாளே உச்சத்தைக் கொடுத்திருக்கிறார்கள், விழாமல் என்ன செய்வார்? அதனால் மருந்தே ஆகாது என்று முடிவுகட்ட வேண்டாம். இரவு மட்டும் குறைந்த அளவில் தொடங்கலாமா என்று கேளுங்கள். அதே வகை மருந்தான கபாபென்டினும் சிறுநீரக வழிதான், அதற்கு மாற்றினால் இந்தச் சிக்கல் தீராது.

நரம்பு வலிக்குக் கொடுக்கும் இன்னொரு மருந்தான டுலோக்செடின் எழுதினால் மறக்காமல் கிரியாட்டினினைக் காட்டுங்கள். வடிகட்டல் 30க்குக் கீழே போனால் அதைத் தவிர்ப்பார்கள். மெட்ஃபார்மின் அளவையும் அப்படியே பார்த்துவிடச் சொல்லுங்கள். அது பல வருடம் சாப்பிட்டால் பி12 குறையும், அந்தக் குறையும் நரம்பை வாட்டும். ஒரு ரத்தப் பரிசோதனை போதும்.

கோட்டையூர் ராமு

அமிட்ரிப்டிலின் பற்றி. எங்கள் அம்மாவுக்கு 10 மில்லிகிராம் இரவில் கொடுத்தார்கள். தூக்கம் வந்தது, எரிச்சலும் மூன்றாவது வாரம் கொஞ்சம் தணிந்தது. ஆனால் வாய் வறண்டு தண்ணீர்ச் செம்பு கையை விட்டு இறங்கவில்லை, மலச்சிக்கல் வேறு. தொடங்கும் முன் ஈசிஜி எடுத்தார்கள், கண் அழுத்தம் இருக்கிறதா என்றும் கேட்டார்கள். வயதானவர்களுக்கு இதிலும் தள்ளாட்டம் உண்டு. நார்ட்ரிப்டிலின் அதைவிடச் சற்று மென்மையானது என்று பிறகு அதற்கு மாற்றினார்கள். எதுவானாலும் நாலு நாளில் பலன் எதிர்பார்க்காதீர்கள்.

புதுவயல் செவிலியர்

யாரும் ஒட்டுப் பட்டையைச் சொல்லவில்லையே! தோலை மரத்துப்போகச் செய்யும் லிடோகெயின் 5 சதவீதப் பட்டை. ஆறிய தோலில், வலிக்கும் இடத்தில் ஒட்டி 12 மணி நேரத்தில் எடுத்துவிட வேண்டும், அடுத்த 12 மணி நேரம் ஒட்டக் கூடாது. இடத்துக்குத் தக்கபடி கத்தரித்துக்கொள்ளலாம். ரத்தத்தில் மிகக் கொஞ்சமே கலப்பதால் தலைசுற்றல் பயம் குறைவு. சேலை உரசாமல் ஒரு மறைப்பாகவும் இருக்கும். விலை கூடுதல், காரைக்குடியில் எல்லாக் கடையிலும் இருக்காது, சொல்லி வைத்து வாங்க வேண்டும்.

மிளகாய்ச் சத்தில் செய்த கேப்சைசின் களிம்பும் உண்டு. அதைக் கேட்டுவிட்டு ஒருவர் குண்டு மிளகாயையே அரைத்துப் பூசி வந்தார், அந்தக் கூத்தையும் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து வேண்டாம்.

காவி எழுதியதற்காக ஆயாவைக் கடிந்துகொள்ளாதீர்கள். குளிர்ச்சியாக இருந்திருக்கும், அது கெடுதல் செய்யவில்லை. போனது நாள்தான். கொப்புளம் கிளம்பி 72 மணி நேரத்துக்குள் வைரஸ் மருந்து தொடங்கினால்தான் நல்ல பலன். எழுதிக்கொண்டே டாக்டரையும் பார்த்திருக்கலாம்.

பள்ளத்தூர்ப் பேத்தி

அண்ணனுக்கும் அக்காவுக்கும் நன்றி. மதுரை போய் வந்து மூன்று வாரம் ஆகிறது. கிரியாட்டினினைப் பார்த்ததும் டாக்டர் பிரிகாபலின் 50, இரவு மட்டும் என்று எழுதினார். வேண்டுமானால் மெதுவாகக் கூட்டலாம், நிறுத்துவதானாலும் திடீரென்று நிறுத்தாமல் படிப்படியாகத்தான் என்றார். கூடவே ஒட்டுப் பட்டை. மெட்ஃபார்மினைக் குறைத்துவிட்டார். பி12 குறைவாக இருந்தது, அதற்கும் ஊசி.

கட்டிலை இரண்டாம் கட்டிலிருந்து முகப்புப் பக்க அறைக்கு மாற்றிவிட்டோம். இப்போது ராத்திரி கழிப்பறைக்குப் போக ஒரு நிலைப்படியும் தாண்ட வேண்டாம். எரிச்சல் போய்விட்டது என்று சொல்ல முடியாது. ஆனால் நாலு மணி நேரம் சேர்ந்தாற்போல் தூங்குகிறார், நேற்று கோவிலுக்குச் சேலை கட்டிக்கொண்டு போனார்.

ஒரே தொல்லை, பட்டை வியர்வையில் ஓரம் பிரிந்துவிடுகிறது. என்ன செய்யலாம்?

புதுவயல் செவிலியர்

குளித்ததும் பவுடர் போடுகிறாரா? அதுதான் காரணமாக இருக்கும். அந்த இடத்தில் மட்டும் பவுடரும் எண்ணெயும் வேண்டாம். நன்றாகத் துடைத்து, கால் மணி நேரம் காயவிட்டு ஒட்டுங்கள். ஒட்டியதும் உள்ளங்கையால் அரை நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். பகலில் வியர்வை நிற்காவிட்டால் 12 மணி நேரத்தை ராத்திரிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.