ஹோஸ்டில் 40 ஜிபி சும்மா கிடக்க, விஎம் மட்டும் திணறிய கதை

விஎம் (ஒரு கணினிக்குள் ஓடும் மெய்நிகர் கணினி) மெமரிச் சிக்கல் பற்றிய இந்தத் திரியில் எல்லோரும் ஓவர்கமிட் செய்து, அதாவது ஹோஸ்டில் (விஎம்களைத் தாங்கும் நிஜக் கணினி) இருப்பதைவிட அதிக மெமரியை விஎம்களுக்குக் கொடுத்து, மாட்டிக்கொண்டதையே சொல்கிறீர்கள், என் கதை தலைகீழ். பெங்களூரு மாரத்தஹள்ளியில் அப்போதிருந்த ஆபீஸ், விஎம்வேரின் இஎஸ்எக்ஸ்ஐ மென்பொருள் ஓடும் ஹோஸ்ட், அதில் 40 ஜிபி மெமரி காலி. ஆனால் சம்பளக் கணக்கு ஓடும் லினக்ஸ் விஎம்மில் ஒரு பக்கம் திறக்க அரை நிமிடம், அதுவும் மாதக் கடைசியில். 8 ஜிபி பத்தவில்லை போல என்று 16 ஆக்கினேன். இன்னும் மோசமானது!

விஎம் உள்ளே டாப் (எந்த ப்ராசஸ் எவ்வளவு மெமரி எடுக்கிறது என்று காட்டும் கட்டளை) ஓட்டினால் ப்ராசஸ்கள் எல்லாம் சேர்ந்தே 5 ஜிபி தாண்டவில்லை, மொத்த உபயோகம் மட்டும் 15க்கு மேல். மிச்சத்தை யார் தின்கிறார்கள்? முன்பு எங்களோடு இருந்த ஒரு அண்ணனுக்கு போன் போட்டேன். "தம்பி, லிமிட் பார்த்தியா?" என்றார். அந்த விஎம்மின் மெமரி செட்டிங்கை விரித்தால் லிமிட் 4096 எம்பி, அதாவது 4 ஜிபி. எந்தக் காலத்திலோ டெஸ்ட் மெஷினுக்காக யாரோ டெம்ப்ளேட்டில் போட்டது, குளோன் எடுக்க எடுக்க கூடவே வந்திருக்கிறது.

லிமிட் 4 என்றால் ஹோஸ்டில் எவ்வளவு காலி இருந்தாலும் விஎம்முக்கு நிஜ மெமரி 4தான். மீதியைப் பலூன் டிரைவர் (விஎம்முக்குள் ஓடும் சிறு மென்பொருள்) உள்ளிருந்தே பிடித்து ஹோஸ்டிடம் கொடுத்துவிடும், ஆனால் இயல்பாக விஎம்மின் மெமரியில் 65 சதவீதம்வரைதான் ஊதும். 8 ஜிபி இருந்தபோது பிடுங்க வேண்டியது 4, அதைப் பலூனே சமாளித்துவிட்டது. 16 ஆக்கியதும் 12 பிடுங்க வேண்டும், பலூன் 10.4இல் நின்றுவிட்டது, மிச்சம் 1.6ஐ ஹோஸ்டே கம்ப்ரஸ் (சுருக்குவது), ஸ்வாப் (டிஸ்க்குக்குத் தள்ளுவது) என்று ஒதுக்க ஆரம்பித்தது. உள்ளே எது முக்கியம் என்று ஹோஸ்டுக்குத் தெரியாதே, குருட்டாம்போக்கில்தான் எடுக்கும். நான் மெமரி கூட்டக் கூட்ட அது படுத்ததற்குக் காரணம் இதுதான்.

அன்லிமிடெட் டிக் செய்தேன், ரீபூட்கூடத் தேவைப்படவில்லை, டீ குடித்துவிட்டு வருவதற்குள் பலூன் சுருங்கிவிட்டது. அப்புறம் மற்ற விஎம்களைத் தேடினால் இன்னும் 11இல் அதே 4096.

பதில்:

அண்ணே, உங்களுக்கு லிமிட், எனக்கு கேஷ். பிடிஎம் லேஅவுட் ரூமில் 32 ஜிபி பெட்டி, அதில் விஎம்களை ஓட்ட ப்ராக்ஸ்மாக்ஸ் 7. விஎம்களுக்கு 24 போக 8 மிச்சம் என்று தெம்பாக இருந்தேன். இசட்எஃப்எஸ் ஃபைல் சிஸ்டத்தின் ஏஆர்சி கேஷ் (டிஸ்க் டேட்டாவை மெமரியில் வைத்திருப்பது) அப்போதெல்லாம் ஹோஸ்ட் மெமரியில் பாதிவரை போகும், அது என் கணக்கிலேயே இல்லை. ராத்திரி பேக்கப் ஓடும்போது மெமரி தீர்ந்தால் ப்ராசஸைக் கொல்லும் ஓஓஎம் கில்லர் வந்து இருப்பதிலேயே பெரிய ப்ராசஸாகப் பார்த்துத் தூக்கியது, அதுதான் டேட்டாபேஸ் விஎம். அந்த விஎம் உள்ளே லாகைத் தேடினால் ஒரு வரி கிடையாது, அதற்கென்னவோ கரண்ட் போன மாதிரிதான். ஹோஸ்டின் கெர்னல் லாகில்தான் விஷயம் இருந்தது. ஏஆர்சிக்கு 4 ஜிபி உச்சவரம்பு போட்டபின் தொந்தரவில்லை. விண்டோஸ் விஎம்மில் பலூனுக்குத் தேவையான விர்ட்ஐஓ டிரைவரே போடாமல் பலூனிங் டிக் செய்துவிட்டு, ஏன் மெமரி திரும்பி வரவில்லை என்று ஒரு வாரம் முழித்தது தனிக் கூத்து.