கீசரில் ஷாக் அடித்தும் எம்சிபி ஏன் விழவில்லை?

ஐடிஐ முதலாண்டு:
எலக்ட்ரீஷியன் டிரேடு படிக்கிறேன். நேற்று வீட்டில் கீசர் குழாயைத் தொட்டதும் சுரீரென்று ஷாக் அடித்தது. அதற்கென்றே 16 ஆம்பியர் எம்சிபி (கரன்ட் அளவு மீறினால் தானாக விழுந்து இணைப்பை வெட்டும் சுவிட்ச்) இருக்கிறது, ஆனால் அசையவே இல்லை. கெட்டுப்போய்விட்டதா அண்ணா?

பழைய வயர்மேன்:
கெடவில்லை தம்பி. ஓம் விதியைப் போட்டுப் பார். ஈரக் கையோடு உடம்பின் தடை 1000 ஓம் என்று வைத்தால், 230 வோல்ட்டுக்கு 0.23 ஆம்பியர்தான் ஓடும். எம்சிபிக்கு அது கொசுக்கடி, ஆனால் ஆளைக் கொல்ல அதுவே தாராளம். எம்சிபி இருப்பது வயரைக் காப்பாற்றத்தான். பேஸில் போவதற்கும் நியூட்ரலில் திரும்புவதற்கும் 30 மில்லி ஆம்பியர் வித்தியாசம் வந்தாலே வெட்டிவிடுகிற ஆர்சிசிபி ஒன்று போடுங்கள்.

பேனல் போர்டு:
எர்த்தையும் பாருங்கள். எர்த் கம்பி புதைத்த குழி காய்ந்துபோய் 20 ஓம் தடை காட்டினால், பேஸ் நேராக கீசர் உடம்பில் பட்டாலும் 11.5 ஆம்பியருக்கு மேல் போகாது, அப்போதும் 16 ஆம்பியர் எம்சிபி சும்மாதான் இருக்கும்.

ஐடிஐ முதலாண்டு:
சாக்கெட்டைக் கழற்றிப் பார்த்தேன். எர்த் வயரே வரவில்லை, நியூட்ரலிலிருந்து எர்த் பின்னுக்கு ஒரு துண்டு வயர் போட்டிருக்கிறார்கள்!

பழைய வயர்மேன்:
அடப்பாவிகளா! மெயினை அணைத்துவிட்டுத்தானே கழற்றினாய்? நியூட்ரல் எங்காவது விட்டுப்போனால், அந்தத் துண்டு வழியாகவே கீசர் உடம்புக்கு 230 வோல்ட் வந்து நிற்கும். அனுபவமுள்ள ஒருவரை வைத்துத் தனி எர்த் இழுக்கும்வரை கீசரைப் போடாதே.