வலிப்பு மாத்திரை, ஈசிஜியில் 'பிளாக்': அம்மாவுக்கு மருந்தை நிறுத்த வேண்டுமா?

தாரகை:

அம்மாவுக்கு வயது 66. பல வருடங்களாக வலிப்புக்குக் கார்பமசெபின் எடுத்துக்கொள்கிறார், காலையில் 400 மி.கி., இரவில் 400. ரத்த அழுத்தத்துக்கு மெட்டோப்ரோலால். நடுவில் நன்றாகத்தான் இருந்தார். இந்த வருடம் மறுபடி, பேசிக்கொண்டிருக்கும்போதே வெறித்துப் பார்ப்பது, வாயை மெல்லுவது, அப்புறம் கொஞ்ச நேரம் குழப்பமாக இருப்பது என்று வர ஆரம்பித்ததால் நியூராலஜிஸ்ட் லாகோசமைட் என்ற இன்னொரு வலிப்பு மருந்தையும் சேர்க்கலாம் என்றார். அதற்கு முன்னால் ஒரு ஈசிஜி எடுத்து வாருங்கள் என்றும் சொன்னார்.

எடுத்தோம். தாளின் தலைப்பிலேயே பி.ஆர். 226, க்யூ.ஆர்.எஸ். 96, க்யூ.டி.சி. 431, துடிப்பு நிமிடத்துக்கு 56, கீழே 'முதல் நிலை ஏ.வி. பிளாக்' என்று அச்சாகியிருக்கிறது. டாக்டரைப் பார்க்க இன்னும் சில நாள் இருக்கிறது. அதற்குள் தம்பி இணையத்தில் தேடி, பெனிடாயின் ஊசியில் இதயம் நின்றுபோகும், லாமோட்ரிஜினுக்கு அமெரிக்காவில் எச்சரிக்கை விட்டார்கள், எல்லா வலிப்பு மருந்தும் இதயத்தைக் கெடுக்கும் என்று வீட்டில் எல்லாரையும் பயமுறுத்தி வைத்திருக்கிறான். அம்மாவே இப்போது "நிறுத்திவிட்டுப் பார்க்கலாமா" என்கிறார்.

பிளாக் என்றால் ரத்தக்குழாய் அடைப்பா? இது மாத்திரையால் வந்ததா, வயதால் வந்ததா? இந்த நிலையில் லாகோசமைட் கொடுப்பார்களா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மாத்திரைப்பெட்டி:

மருத்துவமனை மருந்தகத்தில் வேலை செய்கிறேன், டாக்டர் இல்லை. முதலில் ஒன்று: கார்பமசெபினை நீங்களாக நிறுத்தாதீர்கள். திடீரென்று நிறுத்தினால் வலிப்பு நிற்காமல் தொடர்ந்து வரும் நிலைக்கே போகலாம், அது இந்த 226-ஐ விடப் பல மடங்கு ஆபத்து.

இந்த பிளாக்குக்கும் ரத்தக்குழாய் அடைப்புக்கும் சம்பந்தமில்லை. இதயத்தின் மேல் அறையில் கிளம்பும் மின்துடிப்பு கீழ் அறைக்குப் போக நடுவில் ஏ.வி. கணுவைத் தாண்ட வேண்டும். மேலே கிளம்பியதிலிருந்து கீழே இறங்கும் வரை ஆகும் நேரம்தான் பி.ஆர். வழக்கமாக 120 முதல் 200 மில்லி செகண்ட். அதைத் தாண்டினால் முதல் நிலை. பெயரில்தான் பிளாக், உண்மையில் ஒரு துடிப்புகூடத் தவறவில்லை, எல்லாம் தாமதமாகப் போய்ச் சேருகின்றன, அவ்வளவுதான். இரண்டாம் நிலையில் சில துடிப்புகள் போய்ச் சேராது, மூன்றாம் நிலையில் மேலும் கீழும் தொடர்பே அறுந்துவிடும். பயப்பட வேண்டியவை அவை.

மருந்து ஏன் இதில் வருகிறது என்றால், மூளை நரம்பு செல்லும் இதயத் தசை செல்லும் மின்துடிப்பைக் கிளப்பச் சோடியம் சேனல்களை, அதாவது சோடியத்தைச் செல்லுக்குள் விடும் வாசல்களைத்தான் பயன்படுத்துகின்றன. ஒரே குடும்பம், வேறு வேறு உறுப்பினர்கள். இதயத்தில் பெரும்பாலும் இருப்பது என்.ஏ.வி. 1.5 என்ற வகை. கார்பமசெபின், பெனிடாயின், லாமோட்ரிஜின், லாகோசமைட், ஆக்ஸ்கார்பசெபின் எல்லாம் மூளையில் இந்தச் சேனல்களை அடக்கித்தான் வலிப்பைத் தடுக்கின்றன, கொஞ்சம் இதயத்திலும் கை வைக்கும். பெனிடாயின் 1938-இல் வலிப்பு மருந்தாக வந்தது, பிற்பாடு அதையே இதயத் துடிப்புக் கோளாறுக்கும் கொடுத்தார்கள். அதனால் இந்தத் தொடர்பு டாக்டர்களுக்குப் புதிதில்லை.

எதனால் வந்தது என்று கேட்டால், உங்கள் அம்மா விஷயத்தில் மூன்றும் சேர்ந்திருக்கலாம். வயதானால் பி.ஆர். தானாகவே கொஞ்சம் நீளும். மெட்டோப்ரோலால் பீட்டா பிளாக்கர் வகை, ஏ.வி. கணுவை மெதுவாக்கும் மருந்து, துடிப்பு 56 என்று இருப்பதிலேயே அதன் வேலை தெரிகிறது. கார்பமசெபினும் வயதான பெண்களுக்கு, ரத்தத்தில் சாதாரண அளவில் இருக்கும்போதே, துடிப்பைக் குறைத்து ஏ.வி. கடத்தலைத் தாமதப்படுத்தக்கூடும் என்று பதிவுகள் உண்டு. இந்த நிலையில் லாகோசமைட் வந்தால் அதுவும் பி.ஆர். இடைவெளியை நீட்டும், அளவு கூடக் கூட இன்னும் நீட்டும். உங்கள் டாக்டர் ஈசிஜி கேட்டது சரியான காரியம். ஏற்கெனவே கடத்தல் பிரச்சினை இருப்பவர்கள், பீட்டா பிளாக்கரோ வேறு சோடியம் சேனல் மருந்தோ எடுப்பவர்கள் இவர்களுக்கெல்லாம் லாகோசமைடுக்கு முன்னால் ஒன்று, அளவு நிலைபெற்ற பிறகு ஒன்று என்று ஈசிஜி எடுக்கச் சொல்லி அந்த மருந்தோடு வரும் அதிகாரபூர்வக் குறிப்பிலேயே இருக்கிறது. ஐரோப்பியக் குறிப்பில் இரண்டாம், மூன்றாம் நிலை பிளாக் இருந்தால் கொடுக்கவே கூடாது என்றிருக்கிறது. முதல் நிலைக்கு அப்படித் தடை இல்லை, ஆனால் யோசித்துத்தான் கொடுப்பார்கள்.

அவர் செய்யக்கூடியவை பல. பி.பி. மாத்திரையை வேறு வகைக்கு மாற்றலாம், கார்பமசெபினைப் படிப்படியாகக் குறைத்து வேறொன்றுக்குப் போகலாம், லாகோசமைடைக் குறைந்த அளவில் தொடங்கிக் கவனிக்கலாம், இல்லையென்றால் அதை விட்டுவிட்டுச் சோடியம் சேனலில் கை வைக்காத மருந்துக்கே போகலாம். கார்பமசெபினும் லாகோசமைடும் சேரும்போது தலைசுற்றலும், பார்வை இரண்டிரண்டாகத் தெரிவதும் அதிகமாகும், அந்தக் கோணத்திலும் அவர் யோசிப்பார்.

நேர்கோடு:

இவ்வளவு யோசனை எதற்கு? லெவெடிராசெட்டத்துக்கு மாற்றச் சொல்லுங்கள், இதயத்துக்கு ஒன்றும் செய்யாது. எனக்குத் தெரிந்தவர்கள் எல்லாரும் அதில்தான் இருக்கிறார்கள்.

மாத்திரைப்பெட்டி:

@நேர்கோடு, நல்ல மருந்துதான், பி.ஆர். விஷயத்தில் தொல்லை இல்லை. ஆனால் 'ஒன்றும் செய்யாது' என்று எந்த மருந்துக்கும் எழுதிக் கொடுக்க முடியாது. ஐரோப்பியக் குறிப்பில் அரிதாக க்யூ.டி. (கீழ் அறைகள் மின்துடிப்பு வாங்கி மறுபடி தயாராக ஆகும் நேரம்) நீளலாம் என்று சேர்த்திருக்கிறார்கள். இதயத்தை விட்டுவிட்டாலும், எரிச்சல், கோபம், மனச்சோர்வு சிலருக்கு வீட்டையே புரட்டிப் போடும், சிறுநீரகம் மந்தமாக இருந்தால் அளவைக் குறைக்க வேண்டும். வலிப்பு நிற்குமா என்பதும் இருக்கிறதே. 66 வயதுக்காரருக்கு எது பொருந்தும் என்று நம் நண்பர்களைக் கணக்கெடுத்துச் சொல்ல முடியாது.

கட்டம் எண்ணுபவள்:

ஈசிஜி எடுக்கும் வேலையில் இருப்பதால் அந்தப் பக்கத்திலிருந்து கொஞ்சம். மெஷின் அச்சடிக்கும் எண்ணையும் வாசகத்தையும் அப்படியே வேதமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அலைகளின் தொடக்கத்தை அதுவே யூகித்து அளக்கிறது. கை நடுங்கினாலோ, நோயாளி பேசினாலோ, கம்பி சரியாக ஒட்டாவிட்டாலோ யூகம் தப்பும். வழக்கமான வேகம் நொடிக்கு 25 மி.மீ., அப்படியென்றால் ஒரு சின்னக் கட்டம் 40 மில்லி செகண்ட், ஐந்து சின்னக் கட்டம், அதாவது ஒரு பெரிய கட்டம், 200. அம்மாவின் 226 ஒரு பெரிய கட்டத்தைவிட அரைச் சின்னக் கட்டம் போலக் கூடுதல். டாக்டர் கையால் அளந்து பார்ப்பார்.

அதைவிட உபயோகமானது பழைய ஈசிஜி. கண் அறுவைக்கோ வேறு எதற்கோ முன்னால் எடுத்தது வீட்டில் எங்காவது கிடக்கும், தேடுங்கள். பத்து வருடத்துக்கு முன்பும் 220 இருந்தால் கதை வேறு, அப்போது 160 இருந்து இப்போது 226 என்றால் கதை வேறு.

இன்னொன்று, வலிப்பு வந்த சூட்டோடு எடுத்த ஈசிஜியை வைத்து எதையும் முடிவுசெய்யக் கூடாது. அப்போது துடிப்பு தாறுமாறாக ஏறியிருக்கும். க்யூ.டி.-யைத் துடிப்பின் வேகத்துக்கு ஏற்பத் திருத்தியதுதான் க்யூ.டி.சி., அதற்கு மெஷின் பொதுவாகப் போடும் பேசெட் கணக்கு, துடிப்பு வேகமாக இருந்தால் அதை உள்ளதைவிட அதிகமாகக் காட்டும். அதைப் பார்த்துப் பதறி வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன், ஓய்வாகப் படுக்கவைத்து மறுபடி எடுத்தால் சாதாரணமாக இருக்கும்.

ஊதாநிறம்:

தாரகை, உங்கள் தம்பி படித்த லாமோட்ரிஜின் செய்தி எனக்கு நன்றாகத் தெரியும், ஏனென்றால் நான் அந்த மாத்திரையில்தான் இருக்கிறேன். 2021 மார்ச்சில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. விட்ட எச்சரிக்கை அது. அதற்கு அடிப்படை ஆய்வகத்தில் செய்த சோதனை. மனிதர்களுக்குக் கொடுக்கும் அளவிலேயே இந்த மருந்து இதயச் சேனல்களை அடக்கி, கீழ் அறைகளில் மின்துடிப்பு பரவுவதை மெதுவாக்கக்கூடும் என்று அதில் தெரிந்தது. ஏற்கெனவே இதய அமைப்பில் கோளாறு, ரத்தக்குழாய் அடைப்பு, இதயச் செயலிழப்பு, ப்ருகாடா நோய்க்குறி (பரம்பரையாக வரும் இதயத் தாளக் கோளாறு) மாதிரி இருப்பவர்களுக்கு இது ஆபத்தாகலாம் என்பதுதான் செய்தி. மாத்திரை எடுப்பவர்கள் கூட்டம் கூட்டமாகச் செத்தார்கள் என்று யாரும் சொல்லவில்லை, தலைப்புகளைப் படித்தால் அப்படித்தான் தோன்றும்.

அதற்குப் பிறகு வலிப்புக்கான சர்வதேச அமைப்பும் அமெரிக்க வலிப்புச் சங்கமும் சேர்ந்து ஒரு விளக்கம் கொடுத்தன. இதய நோயோ அதற்கான ஆபத்துக் காரணிகளோ இல்லாத இளவயதுக்காரர்களுக்கு இந்த மருந்துக்காக ஈசிஜி தேவையில்லை, 60-ஐத் தாண்டியவர்களுக்கும் இதயக் கோளாறு தெரிந்தவர்களுக்கும் எடுத்துப் பார்ப்பது நல்லது என்கிற மாதிரி. எனக்கு முப்பதுகளின் நடுவில் வயது, இதயத்தில் ஒன்றுமில்லை, டாக்டரிடம் கேட்டேன், தொடரச் சொன்னார்.

பயப்படுவதென்றால் வலிப்பையே முதலில் பயப்படுங்கள் என்பது என் கருத்து. வலிப்பு உள்ள பெரியவர்களில் வருடத்துக்கு ஆயிரத்தில் ஒருவர் அளவில் காரணம் தெரியாமல் திடீரென இறக்கிறார்கள். அதற்குப் பெரிய ஆபத்துக் காரணி, கட்டுக்குள் வராத, உடல் முழுதும் வெட்டி இழுக்கும் வலிப்பு. மருந்தை விட்டால் அந்தப் பக்கம்தான் போகிறோம். அம்மாவுக்கு வருவது மூளையின் பக்கவாட்டிலுள்ள டெம்போரல் மடலில் கிளம்பும் வலிப்பு போலத் தெரிகிறது, அந்த வகையில் வலிப்பின் நடுவிலேயே இதயம் சில நொடிகள் நின்று தொடர்வதும் அரிதாக உண்டு. வெறித்துப் பார்க்கும்போது திடீரென்று துவண்டு சரிந்தால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள், அப்படி நடந்தால் மாத்திரையை மட்டும் குற்றம் சொல்ல முடியாது.

மாத்திரைப்பெட்டி:

ஊதாநிறம் சொன்னதோடு தம்பியின் மற்றப் பயத்துக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். பெனிடாயினை நரம்பில் வேகமாக ஏற்றினால் ரத்த அழுத்தம் சரியும், துடிப்பு குறையும், தாளம் கெடும், உண்மைதான். அதனால்தான் பெரியவர்களுக்கு நிமிடத்துக்கு 50 மி.கி.-க்கு மேல் ஏற்றக் கூடாது என்று கட்டம் போட்ட எச்சரிக்கை இருக்கிறது, ஏற்றும்போது மானிட்டரும் மாட்டுவார்கள். ஊசியில் மருந்தைக் கரைக்கச் சேர்க்கும் ப்ரொபிலீன் கிளைக்காலுக்கும் அதில் பங்குண்டு. வாய்வழி மாத்திரைக்கு அந்தக் கதை பொருந்தாது.

'எல்லா வலிப்பு மருந்தும்' என்பதும் தப்பு. ரூஃபினமைட், செனோபமேட் இரண்டும் க்யூ.டி.-யைக் குறுக்கும், பரம்பரையாகக் குறுகிய க்யூ.டி. உள்ளவர்களுக்குத் தரக் கூடாது. வால்ப்ரோயேட் இந்தக் கடத்தல் விவகாரத்தில் பெரும்பாலும் சாது, அதன் தொல்லைகள் கல்லீரல், எடை என்று வேறு பக்கம். ஆக எந்த மருந்து, எந்த இதயம் என்று ஜோடியாகத்தான் கேட்க வேண்டும்.

தலைகீழாக ஒன்றும் நடக்கும். நீண்ட க்யூ.டி. நோயில் இதயத் தாளம் கெட்டு மயங்கி விழுபவர்களுக்கும் கை கால் வெட்டி இழுக்கும், அதை வலிப்பு என்று நினைத்து வருடக்கணக்காக வலிப்பு மாத்திரை கொடுத்த சம்பவங்கள் மருத்துவ இதழ்களில் உண்டு. முதல் முறை வலிப்பு என்று வருபவர்களுக்கு 12 லீட் ஈசிஜி எடுக்கச் சொல்லிப் பிரிட்டனின் அரசு மருத்துவ வழிகாட்டு அமைப்பான நைஸின் வழிகாட்டுதலில் இருப்பது இதற்காகவும்தான்.

தாரகை:

எல்லாருக்கும் நன்றி, அம்மா இன்று மாத்திரை போட்டுக்கொண்டார். பழைய ஈசிஜி ஒன்று கிடைத்தது, ஆறு வருடத்துக்கு முந்தையது, அதில் பி.ஆர். 188. இன்னும் இரண்டு கேள்வி. அம்மாவுக்குக் கண் அழுத்தத்துக்கு டிமோலால் சொட்டு மருந்தும் போடுகிறோம், நியூராலஜிஸ்டிடம் சொன்னதில்லை, கண்ணுக்குத்தானே என்று விட்டுவிட்டோம். அதைச் சொல்ல வேண்டுமா? எப்போது காத்திருக்காமல் ஓட வேண்டும்?

மாத்திரைப்பெட்டி:

கண்டிப்பாகச் சொல்லுங்கள், போன உடனே முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். டிமோலாலும் பீட்டா பிளாக்கர்தான். சொட்டு மருந்து கண்ணீர்க் குழாய் வழியாக மூக்குக்கு இறங்கி அங்கிருந்து நேரே ரத்தத்தில் கலக்கும், கல்லீரலில் சிதையாமல். மெட்டோப்ரோலாலோடு இது இரண்டாவது. 188 எப்படி 226 ஆனது என்பதற்கு இதுவும் ஒரு விடையாக இருக்கலாம், சொட்டு மருந்தை எப்போது தொடங்கினீர்கள் என்று பழைய சீட்டைப் பார்த்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள். நீங்களாக நிறுத்த வேண்டாம், கண் அழுத்தம் ஏறினால் பார்வை போகும். சொட்டு விட்டதும் கண்ணை மூடி, மூக்கோரக் கண்முனையை ஓரிரு நிமிடம் விரலால் அழுத்திப் பிடித்தால் ரத்தத்துக்குப் போவது குறையும்.

மயங்கி விழுந்தால், எழுந்து நிற்கும்போதே கண் இருட்டிக்கொண்டு வந்தால், நெஞ்சு வலி, மூச்சுத் திணறல் வந்தால், நாடி 40-களில் இறங்கிச் சோர்ந்து கிடந்தால் காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்குப் போங்கள், ஈசிஜி தாள் இரண்டையும் எல்லா மருந்து அட்டைகளையும் எடுத்துக்கொண்டு. கார்பமசெபின் எடுக்கும் வரை, சளி காய்ச்சலுக்கு வேறு யாரிடமாவது போனால் கிளாரித்ரோமைசின், எரித்ரோமைசின் எழுதுகிறார்களா என்று பார்த்துச் சொல்லுங்கள். இரண்டும் கார்பமசெபினின் அளவை ரத்தத்தில் ஏற்றிவிடும், அவையே க்யூ.டி.-யையும் நீட்டும். டில்டியாசெம், வெரபமில் என்ற பி.பி. மருந்துகளும் அப்படித்தான் அளவை ஏற்றும், ஏ.வி. கணுவையும் மெதுவாக்கும், பி.பி. மாத்திரையை மாற்றும் பேச்சு வந்தால் ஞாபகம் இருக்கட்டும்.

கட்டம் எண்ணுபவள்:

லாகோசமைட் தொடங்கினால் அடுத்த ஈசிஜி எப்போது என்று மறக்காமல் கேட்டு வாருங்கள். பெரும்பாலும் சொல்லிய அளவுக்கு ஏற்றி முடித்து, அதில் சில நாள் போன பிறகு எடுக்கச் சொல்வார்கள். முடிந்தால் இதே இடத்தில், இதே மாதிரி ஓய்வாகப் படுத்து எடுங்கள், பக்கத்தில் வைத்துப் பார்க்க அதுதான் வசதி.

தாரகை:

சரி, சொட்டு மருந்துச் சீட்டு கிடைத்துவிட்டது, போன வருடம் தொடங்கியிருக்கிறோம். எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதி வைத்துவிட்டேன். டாக்டர் என்ன சொன்னார் என்று வந்து எழுதுகிறேன்.